படத்துக்குக் கீழே ஒரு வரி

786

மேலப்பாளையம்,
12.4.1997

அன்புள்ள விஜிக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். பிள்ளைகளின் வாப்பா தம்மாமிலிருந்து ஒழுங்காகக் கடிதம் போடுகிறார்கள். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தைகளும் அந்த ஃப்ளோரிடா வெயிலில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் வெயில் நம்மூர் வெயில் மாதிரியே இருக்கும் என்று முன்னால் எழுதியிருந்தாய். அப்படியானால் உனக்கு ஒன்றும் ஆகாது. பாளையங்கோட்டை வெயிலில் குடை பிடிக்காமல் நடந்தவள் நீ.

உனக்குக் கடிதம் எழுதி வருஷக்கணக்காகிறது. பெருநாளுக்கு நீ அனுப்பும் வாழ்த்து அட்டையும் பொங்கலுக்கு நான் அனுப்பும் அட்டையும் கடிதக் கணக்கில் வராது. ஒரு ஏரோகிராம் வாங்கி வைத்தேன். எழுதத் தொடங்கிய உடனேயே இடம் போதாது என்று தெரிந்துவிட்டது. சின்னவன் யாசருடைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். பக்கத்தில் நின்று கத்துகிறான். கத்தட்டும்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே கேட்டால் மற்றதெல்லாம் எழுத வராது. அதனால் கொஞ்சம் பழங்கதை பேசிவிட்டு வருகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் நான் லேப் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். படகிலிருந்து வருகிற இறாலில் கிருமி இருக்கிறதா, கெட்டுப் போயிருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. காலையில் முதல் இறாலைக் கையில் எடுக்கும்போது உன் முகம்தான் வரும். நம் விலங்கியல் பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? இறாலின் கால்களையும் மீசைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, வரிசை தப்பாமல் அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். நீ சைவப் பிள்ளை வீட்டுப் பெண், இறாலைத் தட்டில் கூடப் பார்த்ததில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு என் காதருகே வந்து, "ஏட்டி சுபைதா, எனக்கும் சேத்து ஒட்டிரு, உனக்கு ரெக்கார்டுல படம் நான் வரைஞ்சி தாரேன்" என்றாய். அப்படித்தான் மூன்று வருஷமும் ஓடியது. உன் படங்களுக்கு எனக்கு மார்க், என் இறாலுக்கு உனக்கு மார்க். இப்போது நீ கடல் ஆமைகளுக்கு டாக்டர். நான் இன்னும் இறாலோடு மல்லுக்கு நிற்கிறேன்.

உம்மா நேற்றுகூட உன்னைக் கேட்டார்கள். நீ முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மீன் சமைத்த சட்டியில் உனக்குச் சமைக்கக் கூடாது என்று புதுச் சட்டி வாங்கி, உன் அம்மாவிடம் ஆள் விட்டுக் கேட்டுச் சொதி வைத்தார்கள். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டதால் திரிந்து போயிற்று. நீ ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாய். அந்தச் சட்டியை உம்மா வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். "அது விஜி சட்டி" என்று பரணில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தெருவில் பாதிப் பேர் துபாய்க்கும் தம்மாமுக்கும் போய், ஓட்டு வீடெல்லாம் மாடி வீடாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் பரண் ஒன்றுதான் பழசு.

இனி புன்னைக்காயல் டூருக்கு வருகிறேன். கேட்க வந்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

காலேஜில் கடைசி வருஷம், பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் இட்லிப் பொட்டலம் பிரித்தோம். உன் அப்பாவின் அக்ஃபா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவரையும் தொடவிடாமல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். அணையில் வழிகிற தண்ணீரைக் காட்டி, நாம் குளிக்கிற ஆறு கடலுக்குள் நுழைகிற இடத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்றாய். புன்னைக்காயலில் இறங்கியதும், மிஸ் சிப்பி பொறுக்கச் சொன்ன பக்கம் மற்றவர்கள் போக, நாம் இரண்டு பேரும் நைசாக ஆற்று முகத்துப் பக்கம் நழுவினோம்.

அங்கே கரையில் ஒரு வலை கிடந்தது. உள்ளே ஒரு பேராமை. கழுத்திலும் துடுப்பிலும் நூல் இறுகியிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆமை அழாது, உடம்பில் மிஞ்சிய உப்பைத்தான் அப்படி வெளியேற்றுகிறது என்று மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீ அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாய். அந்த நேரத்தில் அதெல்லாம் உனக்கு ஞாபகம் வரவில்லை. ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் அழுதாய்.

வலைக்குக் காவலாக ஒரு பெண் நின்றாள். நம்மைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். அவள் அப்பா ஆமை வாங்குகிறவரைக் கூட்டிவரப் போயிருந்தார். நீ அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எதுக்கு அழுதிய? உங்க சொந்தக்காரவளா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு அழுகை கூடிவிட்டது. அதை விட்டுவிடு என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாய். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு படகுக்குள் எட்டி அரிவாளை எடுத்து வந்து, அப்பாவின் வலையை அறுத்தாள்.

ஆமையை மணலில் இழுக்க வேண்டுமென்றால் மல்லாத்திப் போட்டுத்தான் இழுக்க முடியும். நேராக விட்டால் துடுப்பை ஊன்றிக்கொண்டு அசையாது. அவள் அதைப் புரட்டி, ஒரு கையில் அரிவாளும் மறு கையில் ஆமையின் துடுப்புமாக இழுக்கும்போது, நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரு, ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றாய். அவள் அப்படியே நின்றாள். போட்டோ என்றால் யாரும் சிரிக்காத காலம் அது. கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளையும் பெண்ணும் போலீஸ்காரர் முன்னால் நிற்கிற மாதிரிதான் நிற்பார்கள். அவளும் தாடையை இறுக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள்.

அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். ஒரு அலை வந்தது, ஆமை திரும்பியது, போய்விட்டது. என் தாவணியெல்லாம் சேறு. திரும்பிப் பார்த்தால் அவள் அப்பா நிற்கிறார். அவர் கை ஓங்கியதும் நாம் இரண்டு பேரும் பயந்து பஸ்ஸுக்கு ஓடினோம். பஸ் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நமக்கு மறு கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் மரிய தங்கத்தாய். அன்று கேட்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அவள் இப்போது எங்கள் கம்பெனியில்தான் இறால் உரிக்கிறாள். உரிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பவள். வேலைக்கு வந்த புதிதில் என்னை உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு, "அக்கா, நீங்க ஆமைக்கு அழுத பிள்ளைல்லா?" என்றாள். அழுதது நான் இல்லை, என் சிநேகிதி என்றேன். அன்றிலிருந்து உன்னை விசாரிக்காத மாதம் இல்லை. நீ அமெரிக்காவில் ஆமைகளைக் காப்பாற்றுகிறாய் என்று சொன்னபோது, தன் தங்கைக்கு வேலை கிடைத்த மாதிரி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

இனிக் கேட்டுவிடுகிறேன். போன வருஷத்திலிருந்து, வலையில் ஆமை தப்பிப் போகிற கதவு வைக்காத நாடுகளிலிருந்து கடல் இறால் வாங்குவதில்லை என்று உங்கள் அரசாங்கம் நிறுத்திவிட்டது. உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் அக்கம்பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருஷம் அவகாசம், எங்களுக்கு நாலே மாதம் என்று மேனேஜர் புலம்புகிறார். உரிக்கிற கூடம் வாரத்தில் பாதி நாள் பூட்டியிருக்கிறது. கடலில் பிடித்ததுதான் ஆகாதாம், பண்ணையில் வளர்த்தது ஆகுமாம். இங்கே பண்ணைக்காரர்கள் கடல் தண்ணீரை வயலுக்குள் ஏற்றி அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. அந்த இறால் அங்கே நல்ல இறால். இதெல்லாம் பெரிய இடத்து நியாயம், எனக்குப் புரியாது.

போன வாரம் ஒரு அமெரிக்க வியாபாரி, எங்கள் வாடிக்கையாளர்கள் இதைக் காட்டுகிறார்கள், இனி வேண்டாம் என்று எழுதி, கூடவே ஒரு துண்டுப் பிரசுரத்தையும் அனுப்பியிருந்தார். இங்கிலீஷைப் படித்துச் சொல்லுங்கள் என்று மேனேஜர் என் மேஜையில் போட்டார். பிரித்தேன். தங்கத்தாய் நிற்கிறாள். கையில் அரிவாள். காலடியில் மல்லாந்த ஆமை. இறுகிய முகம். கீழே, "ஆமைகளைக் கொல்லும் கைகள். உங்கள் தட்டில் இருக்கும் இறால் இந்தக் கைகளிலிருந்துதான் வருகிறது" என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் படம் எடுத்தவர் பெயர், உன் பெயர்.

யாரோ உனக்குத் தெரியாமல் செய்திருப்பார்கள் என்றுதான் என் மனசு சொல்கிறது. எனக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுது, போதும். தாளை என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள். உனக்கும் சேர்த்து துஆ செய்கிறேன். உன் குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன்,
சுபைதா


786

மேலப்பாளையம்,
29.6.1997

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ உடம்புக்கு முடியாமல் இருந்ததாக எழுதியிருந்தது கவலையாக இருக்கிறது. வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். ஆற்றில் கலங்கல் தண்ணீர் வந்து, படித்துறையில் இரண்டு படிக்கு மேல் இறங்க முடியவில்லை. நீ இருந்தால் மூன்றாவது படிக்கு இறங்கி உன் அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருப்பாய்.

நீ உண்மையை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் சந்தோஷப்படுகிறேன். அந்தப் பிரசுரத்தைப் போட்ட ஆமைச் சங்கத்தில் சேர்ந்த புதிதில் உங்கள் ஊர்ப் படம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள், கொடுத்தேன், கீழே எழுதியது நான் இல்லை என்கிறாய். நம்புகிறேன். அச்சாகி வந்தபோது பார்த்தேன், சும்மா இருந்துவிட்டேன் என்கிறாய். அதையும் நம்புகிறேன், வேறு வழியில்லை. அந்தப் படத்தால் எத்தனையோ பேர் ஆமைகளுக்காக இரக்கப்பட்டார்கள், இறால் தடையை எதிர்த்து நாடுகளுக்குள் வழக்கு நடக்கிற நேரத்தில் ஒரு படம் தப்பு என்று சொன்னால் எல்லாமே பொய் என்று எதிராளிகள் கிளம்பிவிடுவார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நான் ஒன்றும் மடச்சி இல்லை.

ஆமை சாகவில்லை என்று நானும் சொல்ல மாட்டேன். இழுவை வலையில் மாட்டி, மூச்சு முட்டிச் செத்து, ஊதிப்போய்க் கரையொதுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆமை பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும் தூத்துக்குடியில் ஒளித்து ஆமைக்கறி விற்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஹராம், தின்ன மாட்டார்கள், ஆனால் அவர்கள் படகிலும் மாட்டித்தான் சாகிறது. அந்தக் கதவை வைத்தால் நல்லதுதான் என்று மேனேஜரிடமே சொல்லித் திட்டு வாங்கினேன். இதையெல்லாம் நீ எங்கே வேண்டுமானாலும் எழுது. என் பெயரையும் போட்டுக்கொள்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாய். "அந்தப் பெண் யாரென்று இங்கே யாருக்குத் தெரியும், சுபைதா?" அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுப்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உன்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. ஆமைக்கு உட்கார்ந்து அழுத விஜியா இதை எழுதினாள்? நமக்குத் தெரியுமே. உனக்கும் எனக்கும் தெரியுமே.

சரி, கோபத்தை விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை முதலாளி உரிக்கிற பெண்களையெல்லாம் கூடத்தில் நிற்கவைத்து, இனி மறு உத்தரவு வரும்வரை வேலை இல்லை என்று சொன்னார். ஏன் என்று இசக்கியம்மாள் கேட்டாள். உனக்கு அவளைத் தெரியாது, அவள் கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. முதலாளிக்கு ஆத்திரம். வியாபாரி அவருக்குத் தனியாக அனுப்பிய இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து, "இதுக்குத்தாம்மா ஒங்களுக்கு வேலை இல்ல, பாத்துக்கோங்க" என்று சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். டிராயரில் பூட்டியதோடு முடிந்தது என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பெண்கள் கூடிவிட்டார்கள். நான் லேப் கதவில் நின்றேன். முதலில் இசக்கியம்மாள்தான் கண்டுபிடித்தாள். "ஏ தங்கத்தாயி, இது நீயில்லாட்டி!" தங்கத்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எத்தனை வருஷம் பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்த கை, விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். அந்த விரலால் படத்தைத் தொட்டாள். தன் முகத்தை அவள் தொடவில்லை விஜி. பின்னால் மங்கலாகத் தெரிகிற படகைத் தொட்டாள். "இது எங்கப்பா படகுல்லா" என்றாள். அந்தப் படகு காற்றில் உடைந்துபோயிற்று. அவள் அப்பாவும் இல்லை, இறந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அவர் சம்பந்தப்பட்ட படம் என்று அவள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். "அக்கா, கீழ என்னமோ போட்டிருக்கானுவளே, என்னக்கா எழுதிருக்கு?" என்று தங்கத்தாய்தான் கேட்டாள். இத்தனை பேருக்கு வேலை போன நேரத்தில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. அன்றைக்கு போட்டோவுக்காக அடக்கி வைத்த சிரிப்போ என்னவோ.

நான் பக்கத்தில் போனேன். வாசிக்கிற மாதிரி விரலை வைத்தேன். "புன்னைக்காயல் தங்கத்தாய். அப்பாவின் வலையை அறுத்து ஆமையைக் காப்பாற்றிய பெண்" என்று வாசித்தேன்.

நான் பொய் சொன்னேன் என்று எழுதவேண்டும். ஆனால் அது பொய்யும் இல்லையே. நடந்தது அதுதானே.

கூடத்தில் ஒரே சத்தம். வேலை போனதை ஒரு நிமிஷம் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இசக்கியம்மாளுக்குத்தான் சந்தேகம். "காப்பாத்துன பிள்ளைய போட்டுட்டு ஏன் நம்ம எறால வேண்டாங்கான்?" என்றாள். ஆமையைக் காப்பாற்று என்று மற்றவர்களுக்குச் சொல்ல இவளைக் காட்டுகிறார்கள் என்று சமாளித்தேன். தங்கத்தாய் எதையும் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். "எங்கப்பா அன்னைக்கு என்னா அடி அடிச்சாவ தெரியுமா. பைத்தியக்காரின்னு ஊரே சொல்லிச்சி. அவுக இருந்து இதப் பாத்திருக்கணும்க்கா" என்றாள். அந்தத் தாளைச் சுவரிலிருந்து பைய உரித்து எடுத்து, மடங்காமல் வீட்டுக்குக் கொண்டு போனாள். ஃப்ரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாளாம். மாதா கோயில் சாமியார் ஊரில் இல்லை, வந்ததும் காட்டுவாளாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், பார்த்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் இருந்தது. நேற்று அவர் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, அவளுக்கு முன்னால் நானே அவரைத் தேடிப் போய் விவரத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, எனக்குக் கண் சரியில்லை, பொடி எழுத்து தெரியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஆனால் அவள் மகள் இருக்கிறாள். கெட்டிக்காரி. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். இங்கிலீஷ்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடமாம். காலாண்டு லீவுக்கு வீட்டுக்கு வருவாள். அம்மா அவளைக் கையைப் பிடித்து முதலில் எங்கே கூட்டிப் போவாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை திரும்பக் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. சில பெண்கள் வாழைக்காய் வெட்டு வேலைக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போகிறார்கள். என் லேபும் எத்தனை நாளோ. அதற்கெல்லாம் நீ ஒன்றும் செய்ய முடியாது, செய்யச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஆமைகளை விட்டுவிடு என்றும் கேட்கவில்லை. உங்கள் சங்கத்துப் பத்திரிகையில் அதே படத்தை இன்னொரு தடவை போடச் சொல். கீழே அவள் பெயரைப் போட்டு, அவள் செய்ததைப் போட்டு, ஒரு பிரதி எனக்கு அனுப்பு. ஃப்ரேமைத் துடைக்கிறேன் என்று வாங்கி நானே மாற்றி வைத்துவிடுகிறேன். அதனால் உன் வேலைக்குக் கெடுதல் வரும் என்றால் அதையும் எழுது. அப்போது நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுவோம், அதில் நமக்குப் பழக்கம் உண்டு.

தங்கத்தாய் உனக்கு ஒன்று சொல்லிவிடச் சொன்னாள். "அந்த அழுத பிள்ளைகிட்ட சொல்லுங்க, படம் நல்லா எடுத்திருக்கா. என்னைய மறக்காம வச்சிருந்திருக்காளே, அவ நல்லாருக்கணும்." அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

நானும் அதையேதான் கேட்கிறேன். நீ நல்லா இருக்கணும் விஜி. உன் உடம்பும் மனசும் உன் பிள்ளைகளும் நீ பிடித்துக் கடலில் விடுகிற ஆமைகளும் எல்லாம் நல்லா இருக்கணும். அல்லாஹ் உனக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது.

அந்த வரியை நான் தமிழில் சொல்லிவிட்டேன். நீ அதை இங்கிலீஷில் எழுது.

உன்,
சுபைதா